ஐம்பதில் வந்த திக்கல்

நம் கோவையைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் சிறுவாணித் தண்ணீரைச் சொல்வார்கள், பஞ்சாலைகளைச் சொல்வார்கள், 'ங்க' சேர்த்துப் பேசும் மரியாதையைச் சொல்வார்கள். அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமென்பது என் கட்சி. எந்த இயந்திரத்தைக் கண்டாலும், 'இதைக் கழற்றித்தான் பார்ப்போமே' என்று நீளும் இந்த மண்ணின் கையே அது. எங்கள் சூலூருக்குப் பக்கத்திலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கல்வியைத் தொடங்கினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழிலில் இறங்கினார். இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937-இல் கோவையில் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. பின்னாளில் கரிவரதன் இதே ஊரில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்க்காரரே.

இவர்களெல்லாம் பெயர் பெற்றவர்கள். நான் எழுத வந்ததோ, ஒண்டிப்புதூர்ப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் இருக்கும் எழுபத்தெட்டு வயது மேஸ்திரி ஒருவரைப் பற்றியும், ஒரு பழைய அம்பாசிடர் காரைப் பற்றியும், அந்தக் காரில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுச் சோற்றைப் பற்றியும்.

என் தந்தை ஓட்டுநர். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் ஒரே வண்டி. அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் 'ஐயா' என்போம். தோட்டமும் துரவுமாக வாழ்ந்தவர். அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். 'இந்த வயதில் அப்பாவுக்கு எதற்குச் சொந்தக் கார்? கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் வாசலுக்கு வாடகை வண்டி வருகிறதே' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெள்ளை அம்பாசிடர் வீட்டை விட்டுப் போனால் அதோடு என் தந்தையின் சம்பளமும் போகும் என்பதை அந்தக் கேள்வி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் இனி எந்தக் கம்பெனியில் போய் நிற்பார்? நான் மூன்றாமாண்டு இயற்பியல். தம்பி பதினோராம் வகுப்பு. இவ்வளவு சொன்னால் போதும்.

அம்பாசிடரைப் பற்றி இந்தத் தலைமுறைக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஐயாவின் வண்டி 1984-ஆம் ஆண்டு மாடல், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும்; காயில் மின்னழுத்தத்தைக் கூட்டும்; டிஸ்ட்ரிபியூட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பங்கிடும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் வகுத்த ஏற்பாடு, ஏறக்குறைய அப்படியே அந்த பானெட்டுக்குள் இருக்கிறது.

சென்ற ஆடி மாதம் அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. நோய் என்று சொன்னால் வண்டி நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். கிளம்பும்போது ஒன்றுமில்லை. நின்றபடி ஓடும்போது தையல் மெஷினைப் போல் ஓடும். டாப் கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, ஆக்சிலேட்டரில் காலை ஆடாமல் அசையாமல் வைத்தால்தான் அந்தத் திக்கல் எட்டிப் பார்க்கும். பேசிக்கொண்டே வருபவர் நடுவில் ஒரு எழுத்தை விழுங்குவது போல ஒரு சிறு வெட்டு. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மாயமாகிவிடும். பட்டறைக்காரர்கள் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் தந்தை போன்ற ஓட்டுநர்களுக்கு அது பல்வலி மாதிரி. இல்லாத நேரத்திலும் நாக்கு அங்கேயே போகும்.

ஐயாவுக்கு அது பயத்தைக் கொடுத்தது. பல்லடம் சாலையில் ஒரு நாள், பின்னால் லாரி நெருங்கி வரும்போது வண்டி இரண்டு முறை வெட்டியது. வீட்டுக்கு வந்ததும், "ஏப்பா, போதும். தை பொறந்ததும் குடுத்துப் போடலாம்" என்றாராம். என் தந்தை "ஆகட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த வாரமே பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, எடைக் கணக்கில் ஒரு விலையைச் சொல்லிப் போனார். நாற்பது ஆண்டு மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுமந்த வண்டி, கிலோ இவ்வளவு!

என் தந்தை சும்மா இருக்கவில்லை. மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினார். ஒன்றில் பிளக்குகளையும் பிளக் ஒயர்களையும் மாற்றினார்கள். இரண்டாவதில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் எச்சா இருக்குதுங்க, பழைய வண்டிக்கு ஒத்துக்காது" என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு பங்குகளில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலே பொதுவாகக் கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை சற்று வறண்டுவிடும். ஆனால் திக்கல் போகவில்லை. மூன்றாவது பட்டறையில் ஒரேயடியாக எஞ்சினை இறக்கிப் போரிங் செய்ய வேண்டும், நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். ஐயாவின் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் இரும்புக்காரர் மறுநாளே வந்துவிடுவார்.

மூன்று இடங்களிலும் ஒரு பொதுவான காரியம் நடந்ததை நான் பிற்பாடுதான் எண்ணிப் பார்த்தேன். யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. நின்ற வண்டியின் ஆக்சிலேட்டரை 'உர்ர், உர்ர்' என்று முடுக்கிவிட்டுக் காது கொடுத்தார்கள். ஓடும்போது வரும் நோயை நிற்கும்போது தேடினார்கள்.

மேஸ்திரியிடம் நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இளமையில் பஸ் பட்டறையில் கை பழகியவர். இப்போது பம்புசெட்டு எஞ்சின்கள் மட்டும் பார்க்கிறார். பானெட்டைத் திறக்கப் போன என் தந்தையைக் கையமர்த்தினார்.

"இருப்பா. மொதல்ல சொல்லு. எஞ்சின் சூடாகறதுக்கு முந்தி வருதா, பொறவு வருதா?"

"ரெண்டுலயும் வருதுங்கண்ணா."

"மருதமலை ஏறயில?"

"இல்லீங்கண்ணா. அங்க சொகமா ஏறுது."

"எறக்கத்துல காலை எடுத்துட்டா?"

"அப்பவும் இல்லீங். சமமான ரோட்டுல, காலை ஒரே மாதிரி வெச்சிருந்தாத்தானுங்க."

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "போலாம்" என்றார். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் புறவழிச்சாலையில் ஏறினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து மோதிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். திக்கல் வந்தது. "அமுத்து" என்றார், போயிற்று. "மெதுவா வுடு" என்றார், வந்தது. "இப்ப சோக்கைக் கொஞ்சோண்டு இழு" என்றார். என் தந்தை இழுத்தார். வண்டி கொஞ்சம் மந்தமாயிற்றே தவிர, திக்கல் அப்படியே இருந்தது.

"பெட்ரோல் மேல பழி இல்லப்பா" என்றார் மேஸ்திரி.

இதை வகுப்பறையில் கேட்டிருந்தால் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். சோக்கை இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். வறண்ட கலவைதான் நோயென்றால், அப்போது கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. ஆகவே எத்தனாலும் ஜெட்டும் விடுதலை. அடுத்த சந்தேகம் மின்பொறி. இங்கே நம் பாடம் துணைக்கு வந்தது. இரு முனைகளுக்கிடையே பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டுமென்பது, நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்தது என்று பாஷென் 1889-இல் கண்டார். மேடேறும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை நுழைகிறது; அழுத்தம் ஏறுகிறது; பொறி பாய்வது கடினமாகிறது. காயிலோ பிளக்கோ பலவீனமென்றால், மருதமலை ஏற்றத்தில்தான் வண்டி திக்க வேண்டும். நம் வண்டியோ நேர்மாறு! சுமை கூடினால் குணமாகிறது. சுமை குறைந்தால் திக்குகிறது. நான் பாஷென் விதியை மேஸ்திரியிடம் சொன்னபோது, "அவரு எந்தப் பட்டறைல இருந்தாரு அம்மிணி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அப்படியானால், இலேசான சுமையில் மட்டும் வேலை செய்து மற்ற நேரமெல்லாம் ஓய்ந்திருக்கும் உறுப்பு எது? அதுதான் கேள்வி. அதற்கு ஒரே ஒரு விடைதான் அந்த எஞ்சினில் உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சிறு தட்டு போன்ற ஒரு டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்புரேட்டருக்குப் போகும். சமமான சாலையில் காலை இலேசாக வைத்து ஓட்டும்போது எஞ்சின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சும். அந்த உறிஞ்சல் குழாய் வழியே வந்து டப்பாவுக்குள்ளிருக்கும் சவ்வை இழுக்கும். சவ்வோ, பாயிண்ட் பூட்டிய தகட்டைக் கொஞ்சம் திருப்பும். தகடு திரும்பினால் பொறி சற்று முன்னதாக விழும். மெலிந்த கலவை மெதுவாக எரியுமாகையால், அதற்கு முன்னதாகவே தீ வைக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்த ஏற்பாடு. நின்றபடி ஓடும்போது, குழாயின் வாய் திராட்டில் தகட்டுக்கு மேல்புறம் இருப்பதால், உறிஞ்சல் அதற்கு எட்டாது. காலை நன்றாக அழுத்தும்போதும் உறிஞ்சல் குறைந்துவிடும். தகடு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நடு வேகத்தில், சீரான ஓட்டத்தில் மட்டும் தகடு இடம் மாறி நிற்கும். எங்கள் நோயின் நேர அட்டவணையும் இதன் நேர அட்டவணையும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின.

மேஸ்திரி ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார். பானெட்டைத் திறந்து அந்தக் குழாயை டப்பாவிலிருந்து பிடுங்கி, காற்று புகாமலிருக்க வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி அதன் வாயில் அடைத்தார். "இப்ப ஓட்டு." பத்துக் கிலோமீட்டர் ஓட்டினோம். வண்டி கொஞ்சம் சுறுசுறுப்புக் குறைந்து ஓடியது. ஆனால் ஒரு திக்கல், ஒரே ஒரு திக்கல் வரவில்லை. என் தந்தை திரும்பித் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார். "முன்னாடி பாத்து ஓட்டப்பா" என்றார் மேஸ்திரி.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கரி படிந்த கை ஒன்று அதைச் செய்து காட்டுவதைக் கண்டது அன்றுதான்.

குழாயை அடைத்ததோடு விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அதோடு, நோயின் இடம் தெரிந்ததே ஒழிய நோய் தெரியவில்லை. கொட்டகைக்குத் திரும்பியதும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் துப்புரவாகத்தான் இருந்தது. பாயிண்டுக்குப் போகும் குட்டி ஒயர் ஒன்று, விரற்கடை நீளம்கூட இருக்காது, மேலுறை கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு பல்பின் ஒரு முனையை பேட்டரியின் உயிர் முனையிலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும் கொடுத்தார். பாயிண்ட் மூடியிருந்ததால் பல்பு எரிந்தது. பல்பைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். மேஸ்திரி ஆட்காட்டி விரலால் தகட்டை, சவ்வு இழுப்பது போலவே, மெல்ல நகர்த்தினார். பாதி தூரம் எரிந்தது. அப்புறம் ஒரு சிமிட்டு. விரலை எடுத்தார், எரிந்தது. மறுபடி நகர்த்தினார், மறுபடி சிமிட்டு.

நாங்கள் மூவரும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பதாயிரம் ரூபாய் நோய் அந்தச் சிமிட்டில் இருந்தது.

ஒயரை வெட்டி எடுத்து உறையைச் சீவினார். உள்ளே செப்பு இழைகள் ஏறக்குறைய எல்லாமே அற்றுப் போயிருந்தன. இரண்டு மூன்றுதான் மிச்சம். வண்டி சீரான வேகத்துக்கு வரும்போதெல்லாம் தகடு திரும்பும்; அதோடு ஒயரும் வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே ஒவ்வோர் இழையாக அறுந்திருக்கிறது. நேராக இருக்கும்போது அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். வளைந்தால், சாலை அதிர்வில் ஒரு கணம் விலகும். அந்தக் கணத்தில் முறைக்கு வரும் சிலிண்டருக்குப் பொறி சரியாக விழாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றினால், நிமிடத்துக்கு நாலாயிரம் பொறி, அதாவது நொடிக்கு அறுபத்தேழு. அதில் ஒன்று தவறினால் அதை மனித உடம்பு உணர்கிறதே! எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அதுதான்.

பொடி இழைகள் நிறைய உள்ள துவளும் ஒயராகப் பார்த்து எடுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கெட்டியான ஒற்றைக் கம்பி போட்டால் ஒரே மாதத்தில் மறுபடி அறுந்துவிடுமாம். கொஞ்சம் தொய்வு விட்டு, தகடு இங்கும் அங்கும் போனாலும் இழுபடாதபடி பூட்டினார். பாயிண்ட் இடைவெளியை அளவுத் தகடு வைத்துச் சரிபார்த்தார். குழாயின் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துத் தூர எறிந்தார். மீண்டும் புறவழிச்சாலை. மீண்டும் ஐம்பது. காற்றின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

இப்போதுள்ள புதிய வண்டிகளில் இந்தத் தகடும் கிடையாது, பாயிண்டும் கிடையாது. எஞ்சின் தண்டின் ஒவ்வொரு சுற்றையும் ஒரு சென்சார் துண்டு துண்டாக அளக்கிறது. ஒரு சிலிண்டர் தவறினால் அந்தத் துண்டு சற்றுத் தாமதமாகும். கம்ப்யூட்டர் அதைக் குறித்துக்கொண்டு விளக்கெரிக்கும். பட்டறையில் ஸ்கேனரைச் சொருகினால் 'பி 0301' என்று காட்டும். முதல் சிலிண்டர் தவறுகிறது என்று பொருள். அருமையான ஏற்பாடுதான். ஆனால் தவறுகிற சிலிண்டரைச் சொல்லுமே தவிர, காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்பதை ஒரு மனிதர்தான் ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேனரை நம்பி மூன்றையும் மாற்றிப் பில் போடும் இடங்களும் உண்டு என்று என் தந்தையின் நண்பர்கள் சொல்கிறார்கள். பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, போரிங்குக்கு நாள் குறித்த அந்த மூன்று பட்டறைகளின் புதிய பதிப்பு!

கூலி என்ன என்று கேட்டதற்கு மேஸ்திரி ஒயருக்கும் ஈயத்துக்கும் அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். என் தந்தை ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது, "அறுந்து போன ஒயருக்கு ஐந்நூறா? எடுத்து வெய்யப்பா" என்று கோபித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஐயாவைப் பேரூர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார் என் தந்தை. போகும்போது ஐயா ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது, வழியில் நல்ல சாலை வந்ததும், "ஏப்பா, ஐம்பதுல வெய்யி பார்க்கலாம்" என்றாராம். வைத்தார். சிறிது தூரம் கேட்டுக்கொண்டே வந்தவர், "என்ன பண்ணினே?" என்று கேட்டார். "ஒரு ஒயருங்க" என்றார் என் தந்தை. பிள்ளைகளிடம் ஐயா என்ன பேசினாரோ, இரும்புக்காரர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

தனியார் கார்களுக்குப் பதினைந்து ஆண்டு கழிந்தால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமல்லவா? இந்த வண்டிக்கு அந்தத் தவணை இந்த ஆண்டுதான். தையில் வண்டியைக் கொடுக்கப் போவதாக இருந்தவர், தை பிறந்ததும் அதற்கான பணத்தை எண்ணி என் தந்தையிடம் கொடுத்திருக்கிறார். புதிய டயர் இரண்டும் போட்டாயிற்று.

சென்ற வாரம் மேஸ்திரியைப் பார்க்கப் போயிருந்தேன். பாஷென் விதியைப் படம் போட்டு விளக்கச் சொன்னார், விளக்கினேன். "இடைவெளி கூடினாப் பொறி தாண்டாதுன்னு எங்களுக்கும் தெரியும் அம்மிணி. காத்து அழுத்தத்தையும் சேத்துக் கணக்குப் போட்டிருக்காரு பாரு" என்று தலையை ஆட்டிக்கொண்டார். கிளம்பும்போது, பாயிண்ட் செட்டும் கண்டன்சரும் இனிக் கிடைப்பது அரிது, எங்கே கண்டாலும் இரண்டிரண்டாக வாங்கி வைக்கும்படி உன் அப்பனிடம் சொல் என்றார். உக்கடத்தில் விசாரித்து ஒரு ஜோடி வாங்கிவிட்டோம். கண்டன்சர்தான் இன்னும் கிடைக்கவில்லை.